இரண்டாம் பந்தி

போன வருஷம் எங்கள் தெருச் சங்கத்தில் என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். தெருப் பெண்கள் நடத்தும் சமையல் குழுவைத் தூக்கி நிறுத்தியவர் என்று மைக்கில் பேசினார்கள். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல அது இடமில்லை. அந்தக் குழு நன்றாக இருக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் கிளம்பியதில்லை. ஒரு மனிதன் நாசமாகப் போக வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அந்தக் கதையை இப்போது எழுதுகிறேன்.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சங்கரன்கோவிலிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் முப்பது வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவன். யார் வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள், எந்தப் பாலிசி எந்தக் கல்யாணத்துக்காகப் போட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த விவரமெல்லாம் பிற்பாடு எனக்கு ஆயுதமாக வந்தது.

என் ஒரே மகளுக்கு ஓர் ஆவணி முகூர்த்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சிவகிரி. ராஜபாளையம் ரோட்டில் மண்டபம் பிடித்தோம். அந்தக் காலத்தில் ஊரில் பெரிய சமையல் என்றால் ஒரே ஒரு காண்ட்ராக்டர்தான். மற்ற சமையல்காரர்கள் இருந்தார்கள், ஆனால் மண்டபக்காரர்கள் எல்லோரும் அவர் கைக்குள். மண்டபம் பேசப் போகும்போதே, "சமையல் அண்ணாச்சியோடதுதான்" என்று முடித்துவிடுவார்கள். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு போன் வைத்திருப்பார். இரண்டில் ஒன்று எப்போதும் காதில் இருக்கும்.

முதல் பந்தி நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் அவர்கள் பக்கத்துப் பெரியவர்களும் சடங்கெல்லாம் முடித்து இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. உப்பு, ஊறுகாய், அவியல், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம் வரைக்கும் வந்துவிட்டது. பருப்பு வாளியும் நெய்க் கிண்ணமும் வரிசையின் முனையில் வந்து நின்றன. சோறு வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. சம்பந்தி அப்பளத்தை ஒடித்து ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் சமையல்கட்டுக்கு ஓடினேன்.

பின்வாசலில் ஒரு குட்டியானை வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கள் சோற்று அண்டா இரண்டும் பாயச அண்டாவும் அதில் ஏறியிருந்தன. அதே நாளில் வேறொரு மண்டபத்தில் கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். அதையும் இவரே எடுத்திருந்தார். அங்கே கூட்டம் கணக்குக்கு மேல் வந்துவிட்டதாம்.

காண்ட்ராக்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"என்னவே இப்பிடி ஓடி வாரீரு? அரிசி ஒலையில கெடக்கு. அரை மணி நேரத்துல வந்துரும்."

"இலை போட்டு உக்காந்திருக்காவ அண்ணாச்சி. சம்பந்தகாரவ உக்காந்திருக்காவ."

"அங்கன யாரு வீட்டுக் கல்யாணம்னு தெரியுமா ஒமக்கு? அவருக்குச் சோறு கொறஞ்சா நான் ஊர்ல இருக்க முடியாது. நீரு ஒரு பாலிசி ஏஜென்ட். ஒம்ம சம்பந்தகாரவ அரை மணி நேரம் காத்திருந்தா கொறஞ்சா போயிருவாவ?"

நான் திரும்பி வந்தபோது சம்பந்தி எழுந்து நின்றிருந்தார். நேராகக் கைகழுவும் இடத்துக்குப் போய், சோறு படாத கையைக் கழுவினார். அவர் பின்னாலேயே அந்த வரிசை முழுக்க எழுந்தது. பொரியலும் அவியலும் தொடாமல் கிடந்த இலைகளைப் பார்த்துக்கொண்டு என் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணமேடையில் இருந்த என் மகள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் இலையை விட்டு ஒருவரை எழுப்பிவிட்டால் அதற்கு மேல் ஓர் அவமானம் கிடையாது. கல்யாணம் நடந்தது, மகள் சிவகிரிக்குப் போனாள், ஆனால் அந்த இலை அவள் கூடவே போனது. அவள் யாருக்காவது பரிமாறும்போதெல்லாம் மாமியார் சொல்வாளாம்: "நெறைய வையி. இது எங்க வீடு. இங்கன இலை போட்டா சோறு வரும்." இதை அவள் அம்மாவிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தாள். ஒரு நாள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதில் என் காதில் விழுந்தது. என் மனைவி அதன் பிறகு எந்த மண்டபத்துக்கும் வரமாட்டேன் என்றாள். மொய் எழுத நான் மட்டும் போய் வந்தேன்.

காண்ட்ராக்டரிடம் ஒரு தடவை போனேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை, அதுவும் சிவகிரிக்கு வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "கல்யாணம்னா நாலும் நடக்கும், பெரிசு பண்ணாதேயும்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அன்றிலிருந்து திருவேங்கடம் ரோட்டில் அவருடைய போர்டைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கித் துப்பிவிட்டுப் போவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். வயிற்றில் ஒரு காந்தல் மட்டும் இரண்டு வருஷம் அணையாமல் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தறிகளை இரும்பு விலைக்குப் போட்டார்கள். வேலை இழந்த பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து, காலியாகக் கிடந்த ஒரு தறிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். கூடத்தைத் தெருச் சங்கம் கொடுத்தது. ஒரு வீட்டில் கிரைண்டர் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் பெரிய அடுப்பு, இன்னொரு வீட்டில் பழைய கதவைக் கழற்றிக் காய் நறுக்கும் மேஜையாக்கிக் கொடுத்தார்கள். என்ன சமைப்பது, என்ன விலை, யாருக்கு என்றைக்கு லீவு என்று எல்லாவற்றையும் பதினோரு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வார்கள். தலைவியாக இருந்தவர் இருபது வருஷம் தறிக்கு நூல் தார் சுற்றியவர். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை பாலிசி விண்ணப்பத்தில் தலைவியிடம் கையெழுத்து வாங்கப் போனேன். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். பாதி சாப்பிடும்போதே எனக்குள் ஏதோ திறந்தது. ருசியால் அல்ல. ருசியாக இருந்தது நிஜம். எனக்குத் தோன்றியது வேறு. இந்தக் கை முந்நூறு இலைக்குச் சமைத்தால் அந்த மனிதன் என்ன ஆவான் என்று தோன்றியது.

"கல்யாணத்துக்குச் செய்வீயளா?" என்று கேட்டேன்.

தலைவி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் மகள் கல்யாணத்தில் அவரும் இருந்தவர்.

"அண்ணாச்சி, நீங்க எங்க சோத்துக்காகக் கேக்கல. அந்தாளு மேல உள்ள காந்தல்ல கேக்கிய."

"ஆமா."

"சரி. காந்தலும் அடுப்புக்கு ஆகும். ஆர்டர் புடிச்சுட்டு வாங்க."

நான் பிடித்தேன். பாலிசி விஷயமாகப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அந்தக் குழுவைப் பற்றிப் பேசுவேன், பிறகு என் மகள் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்வேன். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. சொல்லச் சொல்ல கதை கூர்மையானது. முதலில் ஒரு வளைகாப்பு கிடைத்தது. அப்புறம் ஒரு பூப்புச் சடங்கு வீடு, ஒரு மறுவீட்டு விருந்து. அந்த மறுவீட்டுத் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் ஊரில் பேச்சானது. கல்யாணம் நெருங்கும் வீடுகளை நான் தேடித் தேடிப் போனேன். சேவை என்று நினைத்தார்கள். நான் கண்ணி வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பாத்திரங்கள். எங்கள் தெருவுக்குச் சொந்தமாக அண்டா, உருளி, வாளி, கரண்டி என்று ஒரு கல்யாணத்துக்கான சாமான் உண்டு. தெருப் பேர் வெட்டியிருக்கும். பல வருஷமாக அவை காண்ட்ராக்டரின் குடோனில்தான் கிடந்தன. பேருக்கு ஒரு வாடகை கொடுத்துவிட்டு ஊரெல்லாம் அதில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "தெருப் பாத்திரம் தெருப் பொம்பளையளுக்கு" என்றேன். சங்கமும் சரியென்று முடிவெடுத்தது. பாத்திரங்கள் திரும்பி வந்தன. பாதி நெளிந்து வந்தன. பெண்கள் புளியும் சாம்பலும் போட்டு இரண்டு நாள் தேய்த்தார்கள். அதில் மூன்று அண்டா என் மகள் கல்யாணத்திலிருந்து வண்டியேறிப் போனவை. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

காண்ட்ராக்டர் சும்மா இருக்கவில்லை. பனவடலிசத்திரத்தில் தோட்டம் துரவு உள்ள ஒரு பெரிய சம்சாரி வீட்டுக் கல்யாணம் எங்கள் குழுவுக்கு அநேகமாக முடிந்திருந்தது. அவருக்குப் போன் போட்டு, "அங்கன பதினோரு பொம்பளைய சமைக்காவ. எந்தெந்த வீட்டுப் பொம்பளையன்னு விசாரிச்சுட்டு இலை போடும்" என்று சொல்லியிருக்கிறார். சம்சாரி என்னைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு அழைத்துப் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"தப்பா எடுக்காதீரும். சமைக்கிறது யாரு யாரு?"

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வேறு சமயமாக இருந்தால் நானும் அதே கேள்வியைக் கேட்டிருப்பேன். பிற்பாடு நினைத்துப் பார்த்தபோது இதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பின்னால் காண்ட்ராக்டரின் குரல் கேட்டது. 

"இத்தனை வருசம் அவரு அடுப்படில யாரு சமைச்சான்னு ஒரு நாளாவது கேட்டீரா? அவரு ஆளுகளுக்குப் பேரே கிடையாது. இங்கன பதினோரு பேரும் பேரைச் சொல்லிட்டு நிக்காவ. அதுதான் ஒமக்குக் கொறையா?"

அவர் மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார். ஆர்டர் போயிற்று. விஷயம் தறிக்கூடத்துக்கு வந்தபோது ஒரு பெண் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான் கொதித்துப்போய், இதை ஊரெல்லாம் சொல்லி அந்த ஆளை நாறடிக்கிறேன் என்றேன்.

தலைவி சொன்னார்: "அது எங்களைச் சொன்ன சொல்லு அண்ணாச்சி. அதை எடுத்துட்டுப் போயி நீங்க சண்டை போடாதீய. நாங்க பாத்துக்கிடுதோம்."

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. எல்லாத் திசையிலிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் இறங்கியது. அன்று காலை முதல் பெண்கள் தறிக்கூடத்து வாசலில் பெஞ்சு போட்டு எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் கொடுத்தார்கள். அரிசி தெரு முழுக்கக் கொடுத்தது. பதினோரு பேரும் வாசலிலேயே நின்று பரிமாறினார்கள். வெயிலில் நடந்து வந்த சனம் வரிசையில் நின்று வாங்கியது. ஒருவரும் ஒன்றும் விசாரிக்கவில்லை. மதியத்துக்கு மேல் அந்த வரிசையில் பனவடலிசத்திரத்து சம்சாரியும் நின்றார். இலைத் தட்டை வாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்று வழித்துச் சாப்பிட்டார். நான் போனை எடுத்துப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டேன். கீழே அவர் ஊர்ப் பெயரையும் போட்டேன். பத்து நிமிஷத்தில் தலைவி வந்து நின்றார்.

"அழிங்க."

"எதுக்கு? நல்லாப் பாக்கட்டும்."

"பசிச்சு வந்து சாப்பிட்ட மனுசனை இலையில வச்சு அசிங்கப்படுத்துதீய. ஒங்களுக்குச் செஞ்சதும் இதானே?"

அழித்தேன். மனசுக்குள் அழிக்கவில்லை. ஆனால் அந்த சம்சாரியே ஆவணியில் தன் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குக் குழுவைக் கூப்பிட்டார். தலைவியிடம்தான் பேசினார், என்னிடம் பேசவில்லை.

பிறகு தை மாதம். நல்ல முகூர்த்த நாள். காண்ட்ராக்டர் வழக்கம்போல இரண்டு மண்டபத்தை ஒரே நாளில் எடுத்திருந்தார். முன்பு தெரு அண்டாக்கள் இருந்தன, சமாளித்தார். இப்போது இல்லை. குழு ஒரு சின்னக் கல்யாணத்தை முடித்துவிட்டு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வடித்துக்கொண்டிருந்தது. நானும் அங்கே இருந்தேன். ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. காண்ட்ராக்டர் இறங்கினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இரண்டு போனும் அடித்துக்கொண்டிருந்தன, எதையும் எடுக்கவில்லை.

"தாயி, நூத்தம்பது இலைக்குச் சோறும் சாம்பாரும் வேணும். ரெண்டாம் பந்தி உக்காந்துட்டாவ. என்ன வேணுமோ கேளு."

நான்கு வருஷமாகப் படுக்கையில் புரண்டு புரண்டு ஒத்திகை பார்த்த நாள் அது. நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"அரை மணி நேரம் காத்திருந்தா கொறஞ்சா போயிருவாவ?"

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "என்ன சொல்லுதீரு?" என்றார். நடிக்கவில்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. என் மகள் தினமும் சுமந்த சொல்லை, என் மனைவி தரையில் உட்கார்ந்ததை, நான் துப்பிய எச்சிலை எதையும் அந்த மனிதன் அறிந்திருக்கவில்லை. அந்த நொடியில்தான் அவரைக் கொல்லலாம் என்று நிஜமாகத் தோன்றியது.

"குடுக்காதீய" என்றேன் தலைவியிடம். "ஒரு பருக்கை குடுக்காதீய. ஊரு பாக்கட்டும்."

தலைவி என்னைப் பார்க்காமல் அவரிடம் கேட்டார்: "யாரு வீட்டுக் கல்யாணம்?"

"திருவேங்கடத்துப் பக்கத்து ஆளு, ஒரு கரிசக்காட்டுச் சம்சாரி. பொண்ணு வீடு."

"அண்ணாச்சி," என்றார் தலைவி என் பக்கம் திரும்பி, குரலை முதல் தடவையாகத் தாழ்த்தி, "பொண்ணுக்கு அப்பன் ஒருத்தன் இப்ப அங்கன ஓடிட்டு இருப்பான்."

பெண்கள் அதற்குள் சோற்றை வாளியில் மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு என் பங்கு வேண்டியிருந்தது. காண்ட்ராக்டரிடம் சொன்னேன்: "சோறு வரும். நாங்களும் வருவோம். வாளியை நீரு தூக்கணும். ஒவ்வொரு இலையிலயும் நீரு போடணும். யாரு சோறுன்னு பொண்ணுக்கு அப்பாகிட்ட நீரே சொல்லணும்." தலைவி மறுக்கவில்லை. காண்ட்ராக்டர் தலையாட்டினார். அந்த நேரத்தில் எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

மண்டபத்தில் நான் ஒரு தூணோரமாக நின்றுகொண்டேன். இரண்டு போன்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கி, குனிந்து குனிந்து சோறு போட்டுக்கொண்டு போனார். பின்னாலேயே எங்கள் தெருப் பெண்கள் சாம்பார் வாளியோடு. மண்டபமே திரும்பிப் பார்த்தது. மணப்பெண்ணின் அப்பா வியர்வை சொட்ட ஓடி வந்தபோது, "இது குழுச் சோறு, எங்களுதுல தட்டிப்போச்சு" என்று காண்ட்ராக்டர் சொன்னது எனக்குத் தூண்வரைக்கும் கேட்டது. கடைசி இலை வரை நின்று பார்த்தேன். சாப்பிடாமலே வயிறு நிறைந்தது. அதை நினைத்து வெட்கப்பட வேண்டும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். வெட்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு மண்டபக்காரர்கள் சமையலுக்கு ஆளைக் கட்டாயப்படுத்துவதை விட்டார்கள். குழு இப்போது இருபத்துச் சொச்சம் பேர். காண்ட்ராக்டர் கடையைச் சுருக்கிக்கொண்டார்.

என் பேத்திக்குக் காது குத்தினோம். சமையல் குழுதான். என் மனைவி முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்விட்டாள். சம்பந்தி வந்து பந்தியில் உட்கார்ந்தார். நான் அவர் பின்னால் நின்று, சோறு போடுகிறவர்களுக்குக் கண் காட்டிக்கொண்டே இருந்தேன். இன்னும், இன்னும். அவர் இலையின் மேல் கையை விரித்து, "போதும் சம்பந்தி" என்றார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டும்" என்றேன். மறுபடியும் "போதும்" என்றார். மூன்றாவது தடவையும் அவர் வாயால் அதைச் சொல்ல வைத்தேன்.

என் மகள் என்னைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"யப்பா, போதும் விடுங்க. ஒங்களுக்கு இன்னைக்கோட முடிஞ்சுரும். நான் நாளைக்கு அந்த வீட்டுலதான் சோறு வடிக்கணும்."

அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் பாயச வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில மாதம் கழித்துத் தலைவியும் ஒன்று சொன்னார். நான் போகிற வீட்டில் எல்லாம் இன்னும் என் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். "இனிமே எங்களைப் பத்திப் பேசும்போது அந்தாளைப் பத்திப் பேசாதீய அண்ணாச்சி. எங்க சோறு நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அது போதாதா?" கூட்டம் போட்டுப் பேசி முடிவு செய்துதான் சொன்னார்களாம். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் போனேன். இப்போது அவர்கள் சொன்னபடியே பேசுகிறேன். சொதியைப் பற்றிச் சொல்கிறேன், நேரத்துக்கு வருவதைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் கதையை மட்டும் பல்லுக்குள் அடக்கிக்கொள்கிறேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் காண்ட்ராக்டர் எதிரே வந்தார். ஒரு போன்தான் வைத்திருந்தார். "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று சிரித்துக் கேட்டார். அவர் மனசில் என் மேல் எந்தப் பகையும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குச் சிரிப்பு நின்றது. பஸ் வந்துவிட்டதுபோலப் பாவனை செய்து நகர்ந்து போனார். அவர் கூட்டத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, திருவேங்கடத்தில் ஒரு கல்யாண வீடு பேச வேண்டியிருந்ததால் வண்டியை எடுத்தேன்.